கமடோர் 64 விளையாட்டு இசையை ஏன் இன்னும் ரீமிக்ஸ் செய்துகொண்டிருக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்றின் இசைக்கு யாரோ ஒரு ரசிகர் போட்ட ரீமிக்ஸ் கேட்டேன். அசத்தலாக இருந்தது. சரி, அசல் எப்படி இருக்கும் என்று தேடிப் போட்டால் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். இதன் பின்னால் இத்தனை பேர் இத்தனை வருடமாக ஏன் அலைகிறார்கள்? வெறும் பால்ய நினைவுதானா? புதிதாகக் கேட்பவன் எங்கிருந்து ஆரம்பிப்பது?”

நீங்கள் கேட்டது கமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டரின் இசை. பால்ய நினைவுக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 1980களில் பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் பக்கம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்கள்தான் பிற்பாடு இந்த ரீமிக்ஸ்களில் பெரும்பாலானவற்றைப் போட்டவர்கள். ஆனால் நினைவு மட்டுமே காரணம் என்றால் அந்தக் காலத்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இதே அளவு நடந்திருக்க வேண்டும். பிரிட்டனில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமும் வீட்டுக்கு வீடு இருந்ததுதான். அதன் விளையாட்டுகளைப் பற்றி இன்றைக்கும் உருகி உருகிப் பேசுவார்கள். ஆனால் அதன் இசைக்கு ரீமிக்ஸ் போடுபவர்கள் கமடோர் 64 கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடி. ஆக, விஷயம் அந்த இசையிலேயே இருக்கிறது.

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடல்கள் பாதி சொன்னவை. மீதியைக் கேட்பவர் தானாக நிரப்பிக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. அந்த மீதி என்ன என்று கண்டுபிடித்து வாசித்துக் காட்டுவதுதான் நல்ல ரீமிக்ஸ். அதைக் கண்டுகொள்ளாமல் வாத்தியத்தை மட்டும் மாற்றிப் போட்டால் அது வெறும் புதுச் சட்டை.

இது புரிய அந்த சிப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கமடோர் 64 வெளிவந்தது 1982இல். அதில் ஒலிக்கென்று இருந்த சிப்பின் எண் 6581, எல்லோரும் சிட் என்றுதான் சொல்வார்கள். வடிவமைத்தவர் பாப் யான்னஸ். மனிதர் கம்ப்யூட்டர் ஆள் என்பதைவிட சிந்தசைசர் ஆள், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் வாத்தியத்தின் ஆள். பிற்பாடு என்சோனிக் என்ற சிந்தசைசர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஒலி என்பது பேருக்குத்தான் இருந்தது. யான்னஸ் செய்ததோ ஒரு குட்டி சிந்தசைசர். ஒவ்வொரு குரலுக்கும் (ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை ஒலிக்கும் தனித் தடத்துக்கு இங்கே குரல் என்று பெயர்) முக்கோணம், ரம்பப்பல், பல்ஸ், இரைச்சல் என நான்கு அலைவடிவங்கள் உண்டு. ஒலி எப்படி எழுந்து, எப்படி நின்று, எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தனித்தனியாக அமைக்கலாம். பல்ஸ் அலையின் அகலத்தை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விரிக்கலாம், சுருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், ஒலியை வடிகட்டி அதன் நிறத்தை மாற்றும் ஓர் அனலாக் ஃபில்டர். குறை ஒன்றே ஒன்று, மொத்தம் மூன்றே குரல்கள். அதற்கும் நேரமின்மைதான் காரணம். ஒலி அலையை உருவாக்கும் பகுதியான ஆசிலேட்டர் ஒன்றையே பகிர்ந்து பல குரல் எடுக்கும் வேலையை முடிக்க அவகாசம் இல்லாததால், ஆசிலேட்டரை சிப்பில் இடம் இருந்தவரை திரும்பத் திரும்ப வைத்து முடித்தார்கள். யான்னஸ் பின்னால் என்சோனிக்கில் செய்த சிப்பில் 32 ஆசிலேட்டர்கள் இருந்தன.

மூன்றே குரலில் ஒரு பாட்டை நடத்த வேண்டும். பேஸ் (அடிநாதம்), டிரம்ஸ், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), லீட் (முன்னணி மெட்டு) எல்லாம் அதற்குள்ளேயே. சில விளையாட்டுகளில் வெடிச்சத்தம் வந்தால் அதற்கும் ஒரு குரலை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த நெருக்கடியில் பிறந்த தந்திரங்கள்தான் நீங்கள் சொன்ன அந்த ‘கீச்சு’.

உதாரணத்துக்கு ஆர்பெஜியோ. ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும், கார்டு வாசிக்க முடியாது. ஆகவே கார்டின் மூன்று சுரங்களையும் ஒன்று மாற்றி ஒன்றாக, நொடிக்கு 50 தடவை என்ற வேகத்தில் சுழற்றினார்கள். ஏன் 50? ஐரோப்பிய டி.வி. திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும். விளையாட்டின் நிரல் ஒவ்வொரு தடவையும் இசைக்கான பகுதியை ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போகும். காது அந்தச் சுழற்சியைத் தனித்தனி சுரமாகவும் கேட்காது, சேர்ந்த கார்டாகவும் கேட்காது. இரண்டுக்கும் நடுவில் குமிழி விடுவது போல ஒன்று கேட்கும். கமடோர் இசையின் முத்திரை ஒலி அது.

அப்புறம் டிரம்ஸ். ஸ்னேர் அடி என்றால் முதல் ஐம்பதில் ஒரு பங்கு நொடி இரைச்சல் அலை, அடுத்த சில பங்குகளுக்குச் சரசரவென்று கீழே இறங்கும் ஒரு பல்ஸ் அல்லது முக்கோண அலை. அவ்வளவுதான். இதற்கென்று தனிக் குரலை ஒதுக்க யாருக்கும் வசதி இல்லை. ஆகவே பல பாடல்களில் பேஸும் டிரம்ஸும் ஒரே குரலில் ஓடும். டிரம் விழும் நேரத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்ளும், டிரம் முடிந்ததும் மறுபடி தொடங்கும். அந்த இடைவெளிதான் பாட்டுக்கு ஆட்டம் கொடுக்கிறது. புதிதாக ரீமிக்ஸ் போட வருபவர் முதலில் செய்வது என்ன? பேஸுக்கு ஒரு டிராக், டிரம்ஸுக்கு ஒரு டிராக் என்று தாராளமாகப் பிரித்து, பேஸை இடைவெளியில்லாமல் ஓடவிடுவார். எல்லாச் சுரமும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டு செத்துப்போய்க் கிடக்கும். ஏன் என்று அவருக்கே புரியாது. என் அனுபவத்தில் சுமாரான ரீமிக்ஸ்களில் பாதி விழுவது இந்தக் குழியில்தான்.

இன்னொரு பாதி விழுவது கார்டில். ஆர்பெஜியோவை அப்படியே நீளமான ஸ்ட்ரிங்ஸ் கார்டாக மாற்றிவிடுவார்கள். அசலில் அந்தக் குமிழி ஒரு தாளமாகவும் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடுவார்கள். ஸ்ட்ரிங்ஸ் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால், போன தாளத்துக்கு ஈடாக வேறு எங்காவது ஒரு துடிப்பு வைக்க வேண்டும்.

டெம்போவிலும் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாம் ஐம்பதில் ஒரு பங்கு நொடியின் முழு மடங்காகவே நகர வேண்டும் என்பதால் நினைத்த வேகத்தில் எழுத முடியாது. ஒரு பீட்டின் கால் பங்குக்கு 6 ஃபிரேம் (திரைப் புதுப்பிப்பு) வைத்தால் நிமிடத்துக்கு 125 பீட். 5 வைத்தால் 150. 4 வைத்தால் 187.5. நடுவில் வேண்டுமென்றால் இரண்டு வேகங்களை மாற்றி மாற்றி வைத்து ஏமாற்ற வேண்டும். கமடோர் ரீமிக்ஸ்களில் இவ்வளவு பாடல்கள் 125இலும் 150இலும் ஓடுவதன் ரகசியம் இதுதான். அதே பாட்டை அமெரிக்க கம்ப்யூட்டரில் போட்டால் திரை நொடிக்கு 60 தடவை என்பதால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். கடிகார வேகமும் வேறு என்பதால் ஸ்ருதியும் கொஞ்சம் ஏறிவிடும்.

‘அசலுக்கு விசுவாசமான ரீமிக்ஸ்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். எந்த அசல்? 6581இன் ஃபில்டர் அனலாக் என்பதால் சிப்புக்கு சிப் வேறுபடும். ஒரே பாட்டு ஒரு வீட்டில் மூக்கடைத்த மாதிரியும் அடுத்த வீட்டில் பளிச்சென்றும் கேட்டது. பிறகு வந்த 8580 என்ற திருத்திய சிப்பில் ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் பழைய சிப்பின் ஒரு கோளாறைப் பயன்படுத்தித்தான் சில இசையமைப்பாளர்கள் நிஜ டிரம்ஸ், குரல் துணுக்குகளையெல்லாம் ஒலிக்க வைத்திருந்தார்கள். ஒலி அளவை மாற்றும்போது சிப் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும், அதை வேகமாகச் செய்தால் அதுவே ஒலியாகிவிடும். கோளாறைச் சரிசெய்ததும் புது சிப்பில் அந்த ஒலிகள் காதுக்கு எட்டாத அளவுக்குத் தேய்ந்துவிட்டன! ஆக, ஒவ்வொருவர் நினைவில் இருக்கும் அசலும் வேறு வேறு. ரீமிக்ஸ்காரர்களுக்கு இது ஒரு விதத்தில் சுதந்திரம்.

இனி ஆட்கள். இந்த உலகத்தில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ராப் ஹப்பர்ட். இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்காரர். 1985 முதல் மூன்று நான்கு வருடத்துக்குள் அவர் எழுதித் தள்ளியவைதான் ரசிகர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பாடல்கள்: மான்டி ஆன் த ரன், கமாண்டோ, கிரேஸி காமெட்ஸ், இன்டர்நேஷனல் கராத்தே, சாங்ஷன், டெல்டா.  சுரங்களை எண்களாக அசெம்பிளி மொழியில் அடித்து, அதை வாசிக்கும் நிரலையும் தானே எழுதினார்.

மான்டி ஆன் த ரன்னைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரீமிக்ஸ் என்ற கலையின் நல்லதும் கெட்டதும் அதில் ஒருசேரத் தெரியும். கிரெம்லின் கிராஃபிக்ஸ் 1985இல் வெளியிட்ட விளையாட்டு, தப்பி ஓடும் ஒரு மோல் எலிதான் நாயகன். பழைய பி.பி.சி. வானொலித் துப்பறியும் தொடருக்கு முகப்பு இசையாக இருந்த, சார்லஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் காலப்’ என்ற குதிரைப் பாய்ச்சல் இசையிலிருந்து ஹப்பர்ட் அதன் ஓட்டத்தை எடுத்தார். ஆனால் பாட்டு அதோடு நிற்காது. பாதியில் ஒரு லீட் வந்து, நேராக ஒரு சுரத்தில் நிற்காமல், கீழிருந்து வழுக்கி ஏறி, நின்ற இடத்தில் அசைந்து, அடுத்த சுரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். நம் காதுக்கு அது கமகம் என்றே கேட்கும். கிடார் சோலோவைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார் என்று தெரியும். ஆனால் கிடார் அல்ல, அது ஒரு பல்ஸ் அலை. அந்த அலையின் அகலம் தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பதால், நீண்டு நிற்கும் சுரத்துக்குள்ளும் ஒரு நகர்வு இருக்கும்.

இதை எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்தவர்கள் ஏராளம். வயலினில் வாசித்தவர்களும் உண்டு. என் கருத்தில் வயலின்தான் ஜெயிக்கிறது. கிடாரில் அது எங்கேயோ கேட்ட சோலோ மாதிரி ஆகிவிடுகிறது. வயலினிலோ, வில்லின் அழுத்தம் மாறும்போது ஒலியின் நிறம் மாறுவது அந்தப் பல்ஸ் அலை நகர்வதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு வாத்தியம் அசலின் எந்தக் குணத்தைக் காப்பாற்றுகிறது என்று யோசித்துத் தேர்ந்தெடுப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஹப்பர்டின் பாடல்களிலேயே சில ஏற்கெனவே ரீமிக்ஸ்கள்தான். ஜப்பானிய ஆர்க்கேட் விளையாட்டான கமாண்டோவுக்கு தமாயோ கவாமோட்டோ எழுதிய இசையை எடுத்து, ஒரே இரவில் விளையாட்டுக் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து கமடோருக்கு மாற்றியதாக ஹப்பர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸாய்ட்ஸ் என்ற விளையாட்டின் இசை, சினர்ஜி என்ற பெயரில் இசைத் தட்டுகள் வெளியிட்ட லாரி ஃபாஸ்டின் ஒரு பாடலைத் தழுவியது. ஆக, இன்றைக்கு ஸாய்ட்ஸை சிந்தசைசரில் மறுபடி செய்பவர், சிந்தசைசரில் பிறந்து மூன்று குரலுக்குச் சுருங்கிய ஒன்றை மறுபடி விரிக்கிறார். சுற்றி வளைத்து வீட்டுக்கே வந்துசேர்ந்த கதை.

டெல்டாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விளையாட்டு கேசட்டிலிருந்து ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் திரையில் ‘மிக்ஸ்-ஈ-லோடு’ என்று ஒன்று வரும். பேஸ், தாளம், மெட்டு ஆகியவற்றுக்கு வேறு வேறு வடிவங்களை விசையைத் தட்டி மாற்றி, ஹப்பர்டின் பாட்டை நீங்களே கலக்கிக் கேட்கலாம். இது 1987இல். ரசிகர் கையில் ரீமிக்ஸைக் கொடுத்தது அந்த விளையாட்டேதான் என்று நான் சொல்வதுண்டு, கொஞ்சம் மிகைதான்.

கேசட் என்றதும் ஓஷன் லோடர்களைச் சொல்லாமல் போனால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். மான்செஸ்டரிலிருந்த ஓஷன் கம்பெனி, விளையாட்டு ஏறும்வரை ஒலிக்கவென்றே தனிப் பாடல்கள் வைத்திருந்தது. மொத்தம் ஐந்து. முதல் இரண்டும் மார்ட்டின் கால்வே, மூன்றாவது பீட்டர் கிளார்க், கடைசி இரண்டும் ஜோனதன் டன். ஏறுமா, பாதியில் நின்றுபோகுமா என்ற பதைப்போடு கேட்ட இசை என்பதால் அதன் மேல் ஒரு தனிப் பிரியம். கால்வே, புகழ்பெற்ற புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் கால்வேயின் உறவுப் பையன். ஹப்பர்ட் ஓடுவார் என்றால் கால்வே மிதப்பார். அவருடைய பாரலாக்ஸ் பத்து நிமிடத்துக்கும் மேல் போகும். விஸ்பாலின் முகப்பு இசை ஒவ்வொரு சுரத்தின் நிறத்திலும் கவனம் வைத்து எழுதியது. கால்வேயை நன்றாக ரீமிக்ஸ் செய்வது ஹப்பர்டைவிடக் கஷ்டம். மெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், நிறம் பின்னாலேயே வராது.

பென் டாக்லிஷ், லாஸ்ட் நிஞ்ஜாவின் (1987) இசையை ஆன்டனி லீஸுடன் சேர்ந்து எழுதியவர். மெட்டுக்காரர். எந்த வாத்தியத்தில் போட்டாலும் அவர் பாட்டு நிற்கும். பிற்காலத்தில் ரசிகர்களின் இசைக்குழுக்களோடு மேடையேறித் தன் பாடல்களைத் தானே குழலில் வாசித்தார். 2018இல் காலமானார். லாஸ்ட் நிஞ்ஜா 2 மாட் கிரேயுடையது, மூன்றாம் பாகம் ரெய்ன் ஔவெஹான்ட் என்ற நெதர்லாந்துக்காரருடையது. இந்த ரெய்ன் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். பழைய கீபோர்டுகள், கிடார், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஆளாக வாசித்து அடுக்கி, கால்வே, ஹப்பர்ட் பாடல்களை மறுபடி கட்டுவார். சிட் சிப்புக்கே இசை எழுதியவர் என்பதால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் கைக்குத் தெரியும்.

ரசிகர் ரீமிக்ஸ் ஒரு பெரிய கூட்டமாகத் திரண்டது எம்பி3 பரவிய பிறகுதான், அதாவது 1990களின் கடைசியில். கிறிஸ் அபோட் என்ற பிரிட்டிஷ்காரர் இசையமைப்பாளர்களிடம் முறையாக அனுமதி வாங்கி ‘பேக் இன் டைம்’ என்று சிடி வெளியிட்டார். 2000ஐ ஒட்டி ரீமிக்ஸ்களைச் சேர்த்துவைத்து இலவசமாகக் கொடுக்கும் களஞ்சியங்கள் வந்தன. ரீமிக்ஸ் டாட் க்வெட் அதில் பெரியது, இன்றைக்கு அதில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஸ்வீடனிலிருந்து ஸ்லே ரேடியோ இருபத்துநாலு மணி நேரமும் இதையே ஒலிபரப்பியது. டென்மார்க்கில் ‘பிரஸ் பிளே ஆன் டேப்’ என்று ஒரு ராக் குழு மேடையேறி இவற்றை வாசித்தது. விசா ரோஸ்டர் என்ற ஸ்வீடிஷ் குழு வாத்தியமே இல்லாமல் வாயாலேயே பாடியது.

அந்த முதல் சில வருடங்களின் ரீமிக்ஸ்களில் ஒரு பெரும் பகுதியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எல்லோருக்கும் அப்போது டிரான்ஸ் என்ற நடன இசையின் மேல் மோகம். ஹப்பர்டின் மெட்டுக்குக் கீழே ‘டம் டம் டம் டம்’ என்று ஒரு கிக் டிரம், மேலே சூப்பர்சா என்ற தடித்த சிந்தசைசர் ஒலி, முடிந்தது வேலை. ஆனால் அதே பாணியில் ஸ்வீடனின் இன்ஸ்டன்ட் ரெமெடி செய்தவை இன்றும் கேட்கும்படி இருக்கின்றன. காரணம், பேஸ் வரியின் இடைவெளிகளை அவர் விட்டுவைத்தார்.

ஜெர்மனிக்குத் தனி வம்சாவளி. கிறிஸ் ஹுல்ஸ்பெக் 1986இல் ‘64’யர்’ என்ற பத்திரிகை நடத்திய இசைப் போட்டியில் ‘ஷேட்ஸ்’ என்ற பாட்டால் ஜெயித்து உள்ளே வந்தவர். அதே வருடம் அவர் எழுதிய சவுண்ட்மானிட்டர் என்ற இசை மென்பொருளை அந்தப் பத்திரிகை அச்சிட்டது, வாசகர்கள் வரி வரியாகத் தட்டெழுதி உள்ளே ஏற்ற வேண்டும். அடுத்த வருடம் தி கிரேட் ஜியானா சிஸ்டர்ஸ். அதன் மெட்டை ஸ்வீடனின் மெட்டல் குழுவான மஷினே சுப்ரமசி எடுத்துக் கிடாரில் முழங்கியது. அவர்கள் தங்கள் பாடல்களிலேயே நிஜ சிட் சிப்பைப் பொருத்திய எலெக்ட்ரான் கம்பெனியின் சிட்ஸ்டேஷன் கருவியைப் பயன்படுத்தியவர்கள். இப்போது கேளுங்கள்: 2012இல் ஜியானா சிஸ்டர்ஸுக்குப் புது விளையாட்டு வந்தபோது அதில் இரண்டு உலகங்கள், விசையைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஒன்றில் ஹுல்ஸ்பெக் தரப்பின் மென்மையான இசை, மற்றொன்றில் அதே பாட்டின் மெட்டல் வடிவம், வாசித்தது மஷினே சுப்ரமசி. ரசிகராக ரீமிக்ஸ் போட்டவர்கள் அதிகாரபூர்வ இசைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆர்கெஸ்ட்ராவுக்கு வருவோம். 2008இல் கொலோன் நகரில் டபிள்யூ.டி.ஆர். வானொலி ஆர்கெஸ்ட்ரா ஹுல்ஸ்பெக்கின் இசையை மட்டுமே வாசித்து ‘சிம்ஃபோனிக் ஷேட்ஸ்’ என்று ஒரு கச்சேரி நடத்தியது. 2019 ஜூனில் ஹப்பர்டின் சொந்த ஊரான ஹல்லில், நகர மன்ற அரங்கில், ஹல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா ‘8-பிட் சிம்ஃபனி’ வாசித்தது. பின்னால் இருந்தவர் அதே கிறிஸ் அபோட். ஆர்கெஸ்ட்ராதான் இருப்பதிலேயே ஆபத்தான வாகனம் என்பேன். எண்பது பேர் சேர்ந்து வாசித்தால் எதுவும் கம்பீரமாகத்தான் கேட்கும், அந்தக் கம்பீரம் கேட்பவரை ஏமாற்றிவிடும். கம்ப்யூட்டரில் இருக்கும் வயலின் சாம்பிள்களை வைத்துக்கொண்டு வீட்டில் செய்யும் ‘சினிமா டிரெய்லர்’ ஆர்கெஸ்ட்ராக்கள் இன்னும் மோசம், மெட்டு எங்கே போயிற்று என்றே தேட வேண்டியிருக்கும். நல்ல ஆர்கெஸ்ட்ரா வடிவம் என்றால் அசலில் ஒரே குரல் குதித்துக் குதித்து மூன்று வேலை பார்த்த இடத்தில், அந்த மூன்று வேலையையும் மூன்று வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, குதிப்பு மட்டும் காதில் விழும்படி வைத்திருக்கும். ஹல் கச்சேரிப் பாடல்களில் அந்த உழைப்பு கேட்கிறது.

உரிமை விஷயத்தையும் ஒரு வார்த்தை. ரசிகர்கள் இலவசமாகப் போடுவதைப் பழைய இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே பார்த்தார்கள். சிக்கல் காசு வரும்போதுதான். 1984இல் டேவிட் விட்டேக்கர் லேஸி ஜோன்ஸ் என்ற விளையாட்டை எழுதி அதற்கு இசையும் போட்டார். வேலையைத் தட்டிக்கழித்து ஹோட்டல் அறை அறையாகப் போய் வீடியோ கேம் ஆடும் ஒரு சோம்பேறி ஊழியனின் கதை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மெட்டு. அதில் ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற அறையின் மெட்டுதான் 1999இல் ஜெர்மனியின் ஸாம்பி நேஷன் வெளியிட்ட ‘கெர்ன்கிராஃப்ட் 400’ பாட்டின் உயிர். ஸ்டேடியங்களில் கூட்டம் ‘ஓ ஓ’ என்று பாடுமே, அதேதான். விட்டேக்கருக்குப் பணம் போய்ச்சேர்ந்தது பிற்பாடுதான்.

இன்னொன்று நீதிமன்றம் வரை போனது. பின்லாந்தின் யான்னே சுனி 2000இல், கமடோர் கம்பெனியின் பிற்காலக் கம்ப்யூட்டரான அமிகாவுக்காக ‘ஆசிட்ஜாஸ்டு ஈவினிங்’ என்று ஒரு பாட்டு எழுதினார். நார்வேக்காரர் ஒருவர் அதை சிட் சிப்புக்கு மாற்றினார். நெல்லி ஃபர்டாடோவின் ‘டூ இட்’ பாட்டில், தயாரிப்பாளர் டிம்பாலண்ட், அந்த சிட் வடிவத்தைப் பயன்படுத்தினார் என்று வழக்கு வந்தது. வழக்குத் தொடுக்கும் முன் அமெரிக்காவில் அந்தப் படைப்பைப் பதிவு செய்யவில்லை என்ற காரணத்தால் புளோரிடா நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2012இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. இசை ஒன்றா இல்லையா என்ற கேள்வியே அங்கே கடைசிவரை தீர்க்கப்படவில்லை. ரசிகர் கூட்டத்துக்கு அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ரீமிக்ஸிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. நீங்கள் கேட்ட அசல், யாரோ மட்டமாகப் பதிவுசெய்த யூடியூப் வடிவமாக இருக்கலாம். ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன் என்று ஒன்று 1990களிலிருந்து ரசிகர்கள் சேர்த்துவருவது, 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், முழுக்க இலவசம். ஒவ்வொரு கோப்பும் சில கிலோபைட்தான். காரணம், அது ஒலிப்பதிவே அல்ல. விளையாட்டிலிருந்து வெட்டியெடுத்த அந்த இசை நிரலேதான், உங்கள் கம்ப்யூட்டர் ஒரு கமடோராக நடித்து அதை ஓட்டும். டீப்சிட் என்ற பிளேயரில் உலாவியிலேயே கேட்கலாம். 6581, 8580 இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், மூன்று குரல்களில் எதை வேண்டுமானாலும் அணைக்கலாம்.

மான்டி ஆன் த ரன்னைப் போடுங்கள். முழுதாக ஒருமுறை கேட்டுவிட்டு ஒவ்வொரு குரலாக அணைத்துப் பாருங்கள். பேஸ் எங்கே டிரம்முக்கு வழிவிடுகிறது, லீட் ஓய்வெடுக்கும் அரை நொடியில் அதே குரல் வேறு என்ன வேலைக்கு ஓடுகிறது என்று பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பிறகு விஸ்பால், பிறகு லாஸ்ட் நிஞ்ஜா. அதற்கப்புறம் ரெய்ன் ஔவெஹான்டின் வீடியோக்கள், ஹல் கச்சேரிப் பதிவுகள், மாட் கிரே தன் பழைய பாடல்களைத் தானே மறுபடி செய்த ‘ரிஃபார்மேஷன்’ தொகுப்பு. அமிகா பக்கம் போக ஆசையிருந்தால் ஹுல்ஸ்பெக்கின் டர்ரிகன். 2012இல் அதை மறுபடி பதிவு செய்ய ரசிகர்கள் 1,75,000 டாலருக்கு மேல் போட்டார்கள். ஆனால் அமிகாவில் இருந்தது நான்கு சானல் சாம்பிள் இசை, நிஜ வாத்தியத் துணுக்குகளையே வாசிக்கும். அதனால் அங்கே ரீமிக்ஸ் பெரும்பாலும் மெருகேற்றும் வேலைதான்.

நீங்களே ஒன்று போட்டுப் பார்க்க நினைத்தால் மிடி கோப்பை, அதாவது யாரோ சுரங்களைக் குறித்துவைத்த கோப்பைத் தேடி எடுக்காதீர்கள். யாரோ ஏற்கெனவே இடைவெளிகளை நிரப்பி, வழுக்கல்களை நேராக்கி வைத்திருப்பார்கள். குரல்களைத் தனித்தனியாக அணைத்து, காதால் கேட்டு எழுதுங்கள். டெம்போவை 125.3 என்று வையுங்கள். கமடோரின் உண்மையான திரை வேகம் நொடிக்கு 50க்கு ஒரு பொட்டு கூட, அதை விட்டால் அசலோடு ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு நிமிடத்திலேயே தாளம் கண்ணுக்குத் தெரிய விலகிவிடும். முதல் பாட்டாக கமாண்டோ எடுங்கள். மெட்டு சின்னது, பேஸ் வரி நல்ல வாத்தியார். பாரலாக்ஸை மட்டும் முதல் வருடத்தில் தொட்டுவிடாதீர்கள்.